பாஸ்கா மெழுகுதிரி: கரைவதைப் பார்த்து வாங்குங்கள்

கத்தோலிக்கக் கோயில்களில் ஈஸ்டருக்கு முந்தைய இரவில் ஏற்றும் பெரிய திரிதான் பாஸ்கா மெழுகுதிரி. கோயில் பொருள்கள் விற்கும் கடைகளில் இன்று அது நான்கு வகையில் கிடைக்கிறது. முழுத் தேன்மெழுகில் செய்தது ஒன்று, தேன்மெழுகும் பெட்ரோலிய மெழுகான பாரஃபினும் கலந்தது ஒன்று, வெறும் பாரஃபின் ஒன்று. நான்காவது, வெளியே பிளாஸ்டிக் குழாயும் உள்ளே எண்ணெய்க் குப்பியுமாக வருவது. பத்தடி தள்ளி நின்று பார்த்தால் நான்கும் ஒன்றுதான். உயிர்ப்பு இரவில் கோயில் விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு ஏற்றும்போதுதான் எது என்ன என்று தெரியும்.

விலையைப் பார்க்கும் முன் இந்தத் திரிக்கு என்ன வேலை என்று பார்க்க வேண்டும். புனித சனி இரவில் கோயிலுக்கு வெளியே புதுத்தீ மூட்டுகிறோம். குரு மெழுகுதிரியில் சிலுவையைக் கீறி, மேலே கிரேக்க மொழியின் முதல் எழுத்தையும் கீழே கடைசி எழுத்தையும், சிலுவையின் நான்கு மூலைகளிலும் அந்த ஆண்டின் நான்கு இலக்கங்களையும் வரைகிறார். பிறகு ஐந்து சாம்பிராணி மணிகளைச் சிலுவை வடிவில் பதிக்கிறார்: மேல், நடு, கீழ், இடம், வலம் என்ற வரிசையில். அவை ஆண்டவரின் ஐந்து திருக்காயங்கள். உயிர்த்தவர் காயங்களை மறைக்கவில்லை, சீடர் தோமாவுக்குக் காட்டினார். ஒளிவிடும் திரியிலும் காயம் இருக்க வேண்டும் என்பதன் பொருள் அதுதான். கீறவும் குத்தவும் இடம் தராத பொருளில் இந்தச் சடங்கைச் செய்ய முடியாது.

பாஸ்கா விழாக்களைப் பற்றி 1988-இல் வத்திக்கானின் வழிபாட்டுப் பேராயம் வெளியிட்ட சுற்றுமடல் இதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லியிருக்கிறது. திரி மெழுகால் ஆனதாக இருக்க வேண்டும், ஒருபோதும் செயற்கையானதாக இருக்கக் கூடாது, ஒவ்வோர் ஆண்டும் புதிதாக இருக்க வேண்டும், ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும், கிறிஸ்து உலகின் ஒளி என்பதை நினைவூட்டும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். கடைக்காரர் என்ன சொன்னாலும் இந்த ஐந்தையும் வைத்துத்தான் தேர்வு செய்ய வேண்டும்.

இந்த அளவுகோலில் எண்ணெய்க் குழாய்த் திரி தேறாது. அதை ஏன் வாங்குகிறார்கள் என்பது புரிகிறது. மின்விசிறிக் காற்றில் ஒருபக்கம் கரைந்து வழியாது, தரையில் மெழுகு சொட்டாது, குப்பியை மாற்றினால் பத்து ஆண்டும் ஓடும், எண் ஸ்டிக்கரை உரித்துப் புது ஆண்டை ஒட்டினால் முடிந்தது. ஆனால் அது கரைவதே இல்லை. முதல் நாள் எந்த உயரமோ, ஐம்பதாம் நாளான தூய ஆவி பெருவிழா அன்றும் அதே உயரம். தன்னைத் தந்து ஒளி கொடுத்தவரின் அடையாளம், எதையும் இழக்காத பிளாஸ்டிக்காக நிற்கிறது. சிலுவையைக் கீற முடியாது, கடையில் போட்டுத் தந்த துளையில் பொத்தானைச் செருகத்தான் முடியும். பவனியில் சாய்த்தால் குப்பியின் வாயில் எண்ணெய் கசிந்து, கண்ணாடி இழைத் திரி புகையும். சுடரும் சிறியது, இருட்டில் கடைசி வரிசையில் நிற்பவருக்கு ஒரு புள்ளியாகத்தான் தெரியும். மின்குமிழ் பொருத்திய திரியைப் பற்றி எழுதவே வேண்டியதில்லை.

வெறும் பாரஃபினும் மெழுகுதான். பணமில்லாத சிற்றாலயம் அதை வாங்குவதில் குறையேதும் இல்லை. மலிவு, வெள்ளை வெளேர் என்று இருக்கும். ஆனால் குளிர்ந்த பாரஃபினில் சாம்பிராணி மணி கொண்ட ஆணியை அழுத்தினால் கீறல் விழுந்து ஒரு சில்லு பெயர்ந்துவிடும். வாங்கினால் ஐந்து துளைகளையும் முன்கூட்டியே போட்டு வைக்க வேண்டும். திரிநூல் தடிமனாகப் போட்டிருந்தால் கரும்புகை கக்கும்.

இனி தேன்மெழுகு. பாஸ்கா புகழுரை, அதாவது திரியின் முன் நின்று திருத்தொண்டர் பாடும் அந்த நீண்ட பாடல், தேனீயை இரண்டு இடங்களில் நினைக்கிறது. இந்தத் திரி தேனீக்களின் உழைப்பு என்கிறது. தாய்த்தேனீ ஈந்த மெழுகு உருகி உருகித்தான் இந்தச் சுடரை வளர்க்கிறது என்கிறது. பகிர்ந்து கொடுத்தாலும் இந்த ஒளி குறைவதில்லை என்று அதே பாடல் சொல்கிறது. பாரஃபினை வைத்துக்கொண்டு இதைப் பாடினால் சொல் ஒரு பக்கமும் பொருள் ஒரு பக்கமுமாக நிற்கும். ஒரு கிலோ மெழுகு சுரக்கத் தேனீக்கள் ஏறக்குறைய 6 முதல் 8 கிலோ தேனை உண்கின்றன என்பது தேனீ வளர்ப்போர் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அதை அறிந்தவருக்கு விலை ஏன் பாரஃபினைவிடப் பல மடங்கு என்று கேட்கத் தோன்றாது.

கடையில் எழுதியிருக்கும் ‘51 விழுக்காடு’ என்ற முத்திரை பற்றி ஒரு வார்த்தை. 1904-இல் ரோமையின் திருச்சடங்குப் பேராயம் பாஸ்கா திரியும் பூசைத் திரிகளும் பெரும்பகுதி தேன்மெழுகாக இருக்க வேண்டும் என்றது. பெரும்பகுதி என்பதைப் பாதிக்குமேல் ஒரு விழுக்காடு என்று எடுத்துக்கொண்டால் 51. இன்றைய விதியில் அந்த விழுக்காடு இல்லை, மெழுகு என்பது போதும். ஆகவே 51 விழுக்காட்டுக் கலவையும் சரிதான், ஆனால் நம் ஊர் வெயிலைக் கவனிக்க வேண்டும். முழுத் தேன்மெழுகு 62 டிகிரியைத் தாண்டித்தான் உருகும் என்றாலும், 40 டிகிரி அறையில் பிசைந்த மாவுபோல் இளகத் தொடங்கும். ஈஸ்டர் மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் வருவது. தகரக் கூரையோ கான்கிரீட் தளமோ உள்ள அறையில் சுவரோடு சாய்த்து வைத்த முழுத் தேன்மெழுகுத் திரி, ஒரே வாரத்தில் வில்லாக வளைந்துவிடும். படுக்க வைக்க வேண்டும். சமதளப் பலகையில் பருத்தித் துணி சுற்றி, இரண்டு நாளுக்கு ஒருமுறை அரைச் சுற்று உருட்டி விட்டால் போதும். பலகை தரையை ஒட்டியே இருக்கட்டும், சூடு மேலேதான் தங்கும்.

மேலே வெண்மையாகப் பொடி பூத்திருந்தால் பூஞ்சை என்று நினைத்துத் திருப்பித் தந்துவிடாதீர்கள். குளிரிலோ நாள்பட்டோ நல்ல தேன்மெழுகு அப்படித்தான் பூக்கும். மென்துணியால் துடைத்தால் போய்விடும். சொல்லப்போனால் அது அசல் என்பதற்கு நல்ல அறிகுறி.

அசலா என்று பார்க்க இன்னும் சில வழிகள் உண்டு. மஞ்சள் சாயம் கலந்த பாரஃபினை வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்தால் சாயம் ஏறலாம். அடிப்பகுதியில் ஒரு சிறு துண்டை உடைத்துப் பாருங்கள்: தேன்மெழுகு மணல்போல் பொடிமணியாக, மங்கலாக உடையும், பாரஃபின் பளபளப்பாக, கண்ணாடிபோல் ஒளி கசியும் சில்லாகப் பெயரும். உள்ளங்கையில் வைத்து உருட்டினால் தேன்மெழுகு சற்றே ஒட்டும், தேன் வாசனை வரும். பாரஃபின் வழுக்கும், மண்ணெண்ணெய் நினைவு வரும். இன்னும் உறுதி வேண்டுமென்றால், அடுப்பும் தீயும் இல்லாத இடத்தில், ஒரு தம்ளர் நீரில் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைச் சிறிது சிறிதாகக் கலந்து, நம்பகமான தேன்மெழுகுத் துண்டு ஒன்று மூழ்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். அதில் கடைத் துண்டைப் போட்டால், பாரஃபின் அதிகமிருந்தால் மிதக்கும். தேன்மெழுகின் அடர்த்தி 0.96, பாரஃபினுக்கு 0.90 அளவில். துண்டில் காற்றுக்குமிழ் இருந்தால் கணக்கு தப்பும், விரலால் பிசைந்துவிட்டுப் போடுங்கள். மார்த்தாண்டம்போல் தேனீ வளர்ப்புள்ள ஊர்ப்பக்கத்துப் பங்குகள் (ஒரு குருவின் பொறுப்பில் உள்ள கோயிலும் மக்களும்) மெழுகை நேரடியாக வாங்கி வார்ப்பவரிடம் கொடுத்தால், இந்தச் சோதனை எதுவும் தேவைப்படாது.

அளவில்தான் பலர் தவறு செய்கிறார்கள். 3 அங்குலக் குறுக்களவும் 36 அங்குல உயரமும் உள்ள தேன்மெழுகுத் திரி ஏறத்தாழ 4 கிலோ எடை. அதை மூன்று முறை தலைக்குமேல் உயர்த்தி, நடந்து, பாடவும் வேண்டும். தவிர, உயிர்ப்புக் காலத்தின் 50 நாள் வழிபாடுகளுக்கும் ஆண்டு முழுவதும் வரும் திருமுழுக்கு, அடக்கப் பூசைகளுக்கும் சேர்த்தாலும் அதில் ஒரு சிறு பகுதிதான் எரியும். மீதியைப் பார்த்ததும், இவ்வளவு இருக்கிறதே, ஆண்டு இலக்கத்தை மட்டும் மாற்றிவிடலாம் என்று தோன்றுகிறது. ஆண்டுதோறும் புதியது என்ற விதி உடைவது பெரும்பாலும் இங்கேதான். தீர்வு எளிது, சிறியதை வாங்குங்கள். 2.5 அங்குலம், 30 அங்குலம் என்றால் சுமார் 2.3 கிலோ. நடுத்தரப் பங்குக்கு இது நிறைவாகப் போதும். கிளைக் கிராமச் சிற்றாலயத்துக்கு 2 அங்குலம், 24 அங்குலம், எடை 1.2 கிலோ. ஐந்து ஆண்டு ஓட்டும் பெருந்திரியைவிட, ஆண்டுக்கொன்றாக வாங்கும் சிறுதிரிக்கே என் வாக்கு. பழைய இலக்கத்தைச் சுரண்டிவிட்டுப் புதிய இலக்கம் ஒட்டிய திரியின்முன் நின்று, பழைய மனிதனைக் களைந்துவிட்டோம் என்று திருமுழுக்கு வாக்குறுதியைப் புதுப்பிப்பது மனத்துக்கு ஒட்டவில்லை.

அலங்காரம் கடையில் கண்ணைப் பறிக்கும், கோயிலில் தொல்லை தரும். அச்சிட்ட காகித, பிளாஸ்டிக் ஸ்டிக்கர்கள் சுடர் நெருங்கும்போது தனியாகத் தீப்பற்றும். எனாமல் பெயின்ட் அடித்தது இன்னும் மோசம், நாற்றமும் புகையும் சேர்ந்து வரும். வண்ண மெழுகுத் தகட்டில் வெட்டி ஒட்டிய வேலைப்பாடு நல்லது, அதுவும் திரியோடு சேர்ந்து உருகும். எதுவானாலும் உச்சியிலிருந்து ஓர் ஆண்டில் எரியக்கூடிய உயரத்தை விட்டுவிட்டு அதற்குக் கீழே தொடங்கியிருக்க வேண்டும். சிலுவையும் எழுத்தும் இலக்கமும் இல்லாத வெறுந்திரியை வாங்கி, பங்கிலேயே பென்சிலால் மெல்லக் குறித்து வைத்துவிட்டு, குரு அந்த இரவில் சூடாக்கிய கத்திமுனையால் 2, 3 மில்லிமீட்டர் ஆழம் கீறுவதற்கு ஈடு வேறில்லை. மக்கள் கண்முன் சுருள் சுருளாக மெழுகு எழும்பி விழுவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கவுரை தேவைப்படாது. மணிகளுக்கு, கனல்போல் சிவக்காமல் சூடேற்றிய ஆணியால் ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத் துளை ஐந்து. திரிநூலைத் தொட்டுவிடாதபடி மேலோட்டமாகவே இருக்கட்டும். சாம்பிராணி மணியைத் துளையில் வைத்து, உருகிய சிவப்பு மெழுகால் மூடினால் பவனியில் உதிராது.

திரிநூல் சதுரப் பின்னல் பருத்தியாக இருக்க வேண்டும். திரி பருமன், நூல் மெல்லியது என்றால் சுடர் கிணற்றுக்குள் இறங்குவதுபோல் நடுவில் குழி தோண்டிக்கொண்டு போய் மெழுகிலேயே மூழ்கி அணையும். நூல் தடித்தது என்றால் விளிம்பு உடைந்து ஒழுகும். முதல் எரிப்பு எந்த அகலத்துக்கு மெழுகை உருக்குகிறதோ, அடுத்தடுத்த எரிப்புகள் அதே தடத்தைப் பிடிக்கும். அங்குலத்துக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில் 2.5 அங்குலத் திரிக்கு இரண்டரை மணி நேரம் வேண்டும். அந்த இரவு வழிபாடான பாஸ்கா திருவிழிப்பு ஏழு பழைய ஏற்பாட்டு வாசகங்களோடு முழுமையாக நடந்தால் அந்த நேரம் தானாகவே கிடைத்துவிடும். ஆகவே ஒத்திகைக்குப் புதுத்திரியைக் கொளுத்தி அரைமணியில் அணைத்துவிடாதீர்கள். ஒத்திகை பழைய திரியில் நடக்கட்டும். புதியதன் நூல்நுனியை உருகிய மெழுகில் ஒருமுறை தோய்த்து நிமிர்த்தி வைத்தால், அன்றிரவு ஒரே தொடுகையில் பற்றிக்கொள்ளும்.

தீக்குவியலில் திரியை நேராக நீட்டிப் பற்ற வைக்க முயல்வது பழைய தவறு. அனலில் திரியின் மேல்பகுதி முழுவதும் வழிந்துவிடும். மெல்லிய கைத்திரி ஒன்றில் தீயை எடுத்து ஏற்ற வேண்டும். குவியலில் மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், அந்த வாடை சாம்பிராணியையும் மிஞ்சி நிற்கும். காய்ந்த சுள்ளியும் தென்னம்பாளையும் போதும். முற்றத்துக் காற்றில் சுடர் அணைவது அடிக்கடி நடக்கும். யாராவது சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுப்பார், புதுத்தீ அங்கேயே முடிந்துவிடும். பீடச்சிறுவர் ஒருவர் கையில், புதுத்தீயிலிருந்து ஏற்றிய அரிக்கேன் விளக்கு ஒன்று கூடவே வரட்டும். அணைந்தாலும் அதே தீயிலிருந்து மீண்டும் ஏற்றலாம்.

வாசலில் ஒருமுறை, கோயில் நடுவில் ஒருமுறை, பீடத்தின் முன் ஒருமுறை, திரியை உயர்த்தி ‘கிறிஸ்துவின் ஒளி இதோ’ என்று பாடுகிறார்கள். மக்களின் திரிகள் பற்றுவது இரண்டாவது நிறுத்தத்தில். மூன்றாவதுக்குப் பிறகு மின்விளக்குகள். பீடத் திரிகள் ‘உன்னதங்களிலே’ என்ற புகழ்ப்பாடலைப் பாடும் வரை காத்திருக்க வேண்டும். பொறுமையில்லாமல் வாசலிலேயே எல்லா விளக்கையும் போட்டுவிடும் கோயில்களில், நான்கு கிலோ திரியாலும் ஒன்றும் செய்ய முடியாது. 1951 வரை இந்தச் சடங்கு சனிக்கிழமை காலை வெயிலில் நடந்து வந்தது. இரவுக்கு மீட்டு, 1955 ஆணையால் உறுதியாக்கியவர் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர். அவர் மீட்டுத் தந்த இருளைச் சுவிட்சால் விரட்டிவிட வேண்டாம். மக்கள் திரி பற்ற வைக்கும்போது எரியும் திரி நிமிர்ந்தே இருக்க, எரியாததைத்தான் சாய்க்க வேண்டும். தலையில் முக்காடு போட்டவர்கள் அருகில் இது உயிர்ப் பாதுகாப்பு. திரியின் கழுத்தில் தடித்த அட்டை வட்டம் இருக்கட்டும். மெல்லிய காகிதக் கிண்ணம் தீப்பற்றும்.

தாங்கும் தண்டையும் சேர்த்தே அளந்து வாங்குங்கள். 2.5 அங்குலத் திரி, 3 அங்குலக் குழி என்று வந்தால் துணி சுற்றிச் செருகுவார்கள், பவனியிலிருந்து வந்து வைக்கும்போது அது பிதுங்கி நிற்கும். மின்விசிறி நேர்மேலே இருந்தால் சுடர் ஒருபக்கம் சாய்ந்து, அந்தப் பக்கச் சுவர் கரைந்து ஒழுகும். முதல் வேலை அந்த ஒரு விசிறியை நிறுத்துவது. முடியாதென்றால் திரியின் தலையில் கவிழ்க்கும் பித்தளை வளையம் ஒன்று வாங்குங்கள், விளிம்பை அது காக்கும்.

நீரை ஆசீர்வதிக்கும் இடத்தில் திரியை நீருக்குள் ஒருமுறையோ மூன்று முறையோ இறக்கலாம். அதற்குள் ஒன்றரை மணி நேரம் எரிந்திருக்கும், தலையில் உருகிய மெழுகு குளம்போல் நிற்கும். சற்றுச் சாய்ந்தாலும் திருமுழுக்கு நீரின்மேல் ஆடை படியும். இரண்டு பேர் சேர்ந்து நேராகத் தூக்கி, நேராக இறக்கி, நான்கு விரற்கடை நனைந்தால் போதும். அடியில் நூல் வெளியே தெரியும் திரியானால் முதல்நாளே அந்த இடத்தை மெழுகால் அடைத்துவிடுங்கள்.

வாயால் ஊதி அணைக்காதீர்கள், மெழுகு தெறிக்கும். வளைந்த கம்பியால் நூலை அந்தக் குளத்திலேயே அமுக்கி, உடனே நிமிர்த்திவிட்டால் புகை வராது, அடுத்த முறை எளிதில் பற்றும். விளிம்பு மெத்தென்று இருக்கும்போதே விரல்களால் உள்நோக்கி மெல்ல வளைத்துவிட்டால் அடுத்த எரிப்பில் அது சேர்ந்து உருகும். நூல் கால் அங்குலத்துக்குமேல் நீளமாக வேண்டாம்.

சென்ற ஆண்டுத் திரியைக் குப்பையோடு போட வேண்டாம், அலமாரியில் அடுக்கி வைக்கவும் வேண்டாம். ரோமையில் முந்தைய ஆண்டுத் திரியின் மிச்சத்தை உருக்கி, ஆட்டுக்குட்டி உருவம் பதித்த மெழுகு வில்லைகளாக்கி மக்களுக்குத் தந்த பழக்கம் இருந்தது. பங்கில் அதை உருக்கித் திருமுழுக்குச் சிறுதிரிகளாக வார்க்கலாம். நேரடித் தீயில் வைக்காமல் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த பாத்திரத்தில்தான் உருக்க வேண்டும். தப்பித் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல் மூடியால் மூடுங்கள்.

தூய ஆவி பெருவிழா முடிந்ததும் திரி பீடத்தருகிலிருந்து திருமுழுக்குத் தொட்டிப் பக்கம் போய்விடும். குழந்தையின் திரியை ஏற்றுவதற்கு அங்கிருந்து நெருப்பு எடுப்போம். இறந்தவரின் பெட்டியருகே வைப்பதும் அதே திரிதான். அதனால் தண்டின் அடித்தட்டு ஒரே ஆள் தூக்கக்கூடிய எடையில், ஆனால் கூட்டம் நெருக்கும்போது சாயாத அகலத்தில் இருக்கிறதா என்று வாங்கும் முன்னே கடையில் ஆட்டிப் பாருங்கள்.